சகலை வீட்டுக் கூலன்ட்

சுருளிவேலின் வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. இன்ஜினைச் சுற்றி விலா எலும்பு மாதிரித் தகடு தகடாக வைத்திருப்பார்களே, அந்தப் பழைய ரகம். ஓடும்போது அடிக்கிற காற்றுதான் அதைக் குளிரவைக்க வேண்டும், மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் தேவிகரட்டில் காற்றுக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. ஆகவே ஐப்பசி மாதத்தில் ஒருநாள் காலை அந்த வண்டிக்கு அடியில் கிளிப்பச்சை நிறத்தில் ஒரு குட்டை தேங்கி நின்றபோது, தெருப்பிள்ளைகள் யாரோ சாயத்தைக் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்து அவன் ஒரு வாளித் தண்ணீரை வீசிக் கழுவிவிட்டு ஏலக்காய்க் கடைக்கு வேலைக்குப் போனான். மறுநாளும் குட்டை இருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம் பெரிதாகி வாசற்படிவரை வந்து, சர்க்கரைப்பாகு மாதிரி வாசம் அடித்துக்கொண்டு நின்றது.

அதே வாரத்தில், இரண்டு தெரு தள்ளி, தினகரபாண்டியின் புதுவண்டி கொதித்துப் புகைவிட்டது.

தினகரபாண்டி சுருளிவேலுக்குச் சகலை. அதாவது சுருளிவேலின் மனைவி வேலுத்தாய்க்குத் தங்கையான லோகமணியைக் கட்டியவன். தோட்டக்காரர்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் விற்கும் ஏஜென்சி வைத்திருந்தான். ஆவணியில் அவன் வாங்கி வந்த வண்டி எங்கள் ஊர் அதுவரை பார்த்திராதது: முன்சக்கரத்துக்குப் பின்னால் ஜன்னல் வலை மாதிரி ரேடியேட்டர், வண்டியை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும் குட்டி விசிறி, உள்ளே ஓடிச் சூட்டைத் தணிக்கக் கூலன்ட் என்று ஒரு பச்சைத் திரவம், மீட்டரில் சூடு ஏறினால் எரிய ஒரு விளக்கு, ஆயில் குறைந்தால் எரிய ஒரு சிவப்பு விளக்கு. வண்டி வந்த அன்று மாமனார் வெள்ளைச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் பின்னால் ஏறி ஊரையே சுற்றி வந்தார். சுருளிவேல் எத்தனையோ முறை "ஏறுங்க மாமா, விட்டுட்டு வாரேன்" என்று கூப்பிட்டும் "நடந்தா ஒடம்புக்கு நல்லது" என்று நடந்தே போன மனுஷர் அவர். விருந்தில் ஈரல் இப்போது தினகரபாண்டியின் இலைக்கு முதலில் போனது. மாமியார் சுருளிவேலிடமே வந்து, "சின்னவரு சாப்ட்டாரான்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்களேன்" என்றார். எல்லாம் சின்ன விஷயங்கள்தான். ஆனால் சின்ன விஷயங்களைப் பார்ப்பதுதான் சுருளிவேலின் வேலையே. பகலெல்லாம் சல்லடைக்கு முன்னால் உட்கார்ந்து இந்தக் காய் அந்தக் காயைவிட ஒரு நூல் பெருசு, இந்தப் பச்சை அந்தப் பச்சையைவிட ஒரு பொட்டுக் கூட என்று தரம் பிரித்துப் பிரித்துப் பழகிய கண், வீட்டுக்கு வந்த பிறகும் மூடுவதில்லை. அந்த வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டாலே நாக்குக்கு அடியில் ஏதோ கசந்தது, தட்டில் இருக்கிற சோறு இறங்க மறுத்தது.

இரண்டு வண்டிகளையும் பார்ப்பது ஒரே மெக்கானிக்தான். இபுராகிம் ராவுத்தர் பேச்சுக்காரர். தனக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்று எந்த வண்டிக்காரரிடமும் அவர் ஒத்துக்கொண்டதில்லை. தினகரபாண்டியின் வண்டியைப் பார்த்ததும் "மூடி லூசு" என்று ரேடியேட்டர் மூடியை மாற்றினார். மறுநாளும் கூலன்ட் இறங்கியிருந்தது. "ஓஸ் கிளிப்பு" என்றார், மாற்றினார். "வாட்டர் பம்பு சீலு" என்றார், மாற்றினார். கடைசியில் ஹெட்டையே கழற்றி கேஸ்கட்டைப் பார்த்தார். கூலன்ட் உள்ளே ஆயிலோடு கலந்திருந்தால் ஆயில் பால்காப்பி நிறத்துக்கு வந்திருக்கும், இதுவோ தேன் மாதிரிச் சுத்தமாக இருந்தது, சைலன்சரில் வெள்ளைப்புகை இல்லை, வண்டிக்கு அடியில் விரித்துவைத்த அட்டையில் ஒரு சொட்டும் இல்லை. வெளியே ஒழுகாமலும் உள்ளே எரியாமலும் கூலன்ட் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துச் சுருளிவேல் ஒரு பாட்டிலோடு வந்து, "அண்ணே, என் வண்டி அடியில தெனமும் இது நிக்குது" என்றான்.

ராவுத்தர் விரலை விட்டு எடுத்து முகர்ந்தார். சுருளிவேலின் வண்டியைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து சுருளிவேலைப் பார்த்தார். அன்று சாயங்காலம் தினகரபாண்டியின் வண்டியிலிருந்து பச்சையை வடித்துவிட்டு, ரோஜா நிறத்தில் வருகிற வேறு கூலன்ட்டை ஊற்றி அனுப்பினார். மறுநாள் காலை சுருளிவேலின் வாசலில் ரோஜா நிறத்தில் குட்டை நின்றது.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றார் ராவுத்தர், கூடியிருந்த அத்தனை பேரிடமும். சொல்லிவிட்டுத் தினகரபாண்டியின் வண்டியில் பழையபடி பச்சையையே ஊற்றினார்.

இப்படி நடக்குமா என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை. ஒருத்தன் வயிறு எரிந்தால் எரிகிற சூடு எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும், அதைத் தணிக்க எங்கிருந்தாவது தண்ணீர் வரத்தானே வேண்டும் என்று டீக்கடையில் பேசி முடித்து, அவரவர் வீட்டுக்குப் போய் அவரவர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். பார்க்க ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. தையல்காரர் சின்னமாயனின் சைக்கிள் செயினிலிருந்து டீசல் சொட்டியது. எதிர்வீட்டுக்காரரின் லாரி போடி தாண்டுவதற்குள் அடிக்கடி நின்றுபோனதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மூலையில் சாத்திவைத்த கைத்தடிக்குக் கீழே பிரேக் ஆயில் தேங்கியது, அவர் யாருடைய காரைப் பார்த்து ஏங்கினார் என்பதைக் கண்டுபிடிக்கிறவரை ஊர் தூங்கவில்லை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார், பஜ்ஜியைத் தொடுவதற்கு முன்னால் பெண் வீட்டு வண்டி நிற்கும் இடத்தை நாசூக்காக ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார்கள். கிழக்கு வெளுக்கும்போதே எழுந்து வாசலைக் கழுவுகிறவர்கள் அதிகமானார்கள். அவ்வளவு சுத்தமாக எங்கள் தெருக்கள் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருக்கவில்லை. ராவுத்தர் தன் கடைச் சுவரில், பொறாமையால் ஏற்படும் கசிவுக்கு கேரண்டி கிடையாது என்று எழுதிப்போட்டார்.

யாரும் எதிர்பாராதது என்னவென்றால், வண்டி காய்ந்துபோனவர்கள் வருத்தப்படவில்லை. "நம்ம வண்டி நேத்து ராத்திரியோட ராத்திரியா காலி" என்று அவர்கள் டீக்கடையில் சலித்துக்கொள்கிற மாதிரிச் சொன்னார்கள், சொல்லும்போது தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார்கள். ஒரு சொட்டும் குறையாதவர்களின் முகம்தான் வாடியது. நம்மைப் பார்த்து வயிறெரிய ஒருத்தன்கூடவா இந்த ஊரில் இல்லை என்று மனம் நொந்து, சிலர் யாருக்கும் தெரியாமல் தாங்களே ஸ்பானரால் நட்டைத் தளர்த்தித் தங்கள் கூலன்ட்டைச் சாக்கடையில் விட்டுவிட்டு, காலையில் வந்து புலம்பினார்கள்.

சுருளிவேலால் எதையும் கழுவி மறைக்க முடியவில்லை, அவனுடையது முதல் குட்டை, ஊருக்கே தெரிந்த குட்டை. விஷயம் தெரிந்த மறுநாள் காலை வேலுத்தாய் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். பிறகு இட்லி வைக்கும்போது, "அவுக வீட்டுல என்ன இருக்கு, நம்ம வீட்டுல என்ன இல்ல?" என்றாள். அவன் இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். "என் தங்கச்சி புருசனப் பாத்து வயிறெரியறீங்கன்னா, என்னையக் கட்டினது கொறச்சலாப் போச்சுன்னுதான அர்த்தம்?" என்றாள். அப்படி இல்லை என்று சொல்ல அவன் வாயெடுத்தபோது வெளியே சொட்டுகிற சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது.

அதன்பிறகு அவன் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டான். வண்டிக்கு அடியில் அகலமான தட்டு ஒன்றை வைத்து, காலையில் அதில் சேர்ந்ததைத் துணியில் வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றி, சகலை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பாவம் கழியும் என்று நினைத்தான். தினகரபாண்டி பால் பாக்கெட் வாங்குகிற மாதிரி அதை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இன்னைக்குக் கொஞ்சம் கொறச்சலா இருக்கே, சகல. ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அக்கறையாக விசாரித்தான். அப்படி விசாரித்த மறுநாள் தட்டு நிரம்பி வழிந்தது. அதைக் கண்டதும் தினகரபாண்டி முகம் மலர்ந்து, "லோகு, சகலைக்குக் காப்பி கொண்டா" என்றான். அந்தக் காப்பியைச் சுருளிவேல் நின்றுகொண்டே குடித்தான், எதிரே வண்டி பளபளவென்று நின்றது, அதன் கண்ணாடியில் அவன் முகம் சிறிதாகத் தெரிந்தது.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தினகரபாண்டியும் லோகமணியும் மூணாறுக்குக் கிளம்பினார்கள். போகிற வழியில் சுருளிவேலின் வீட்டு முன்னால் நின்று ஹாரன் அடித்தார்கள். லோகமணி புது ஜெர்கின் போட்டு, பூப்போட்ட ஸ்கார்ஃப் கட்டியிருந்தாள். "அக்கா, வாரேன்க்கா" என்று கையசைத்தாள். வண்டி கிளம்பிப் போனது. வேலுத்தாய் வாசலில் நின்று, வண்டி ஆலமரத்து வளைவில் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரிடமும் இல்லாமல், பெருமூச்சுகூட விடாமல், "லோகு குடுத்து வச்சவ" என்றாள்.

சுருளிவேலுக்கு அந்த ஒரு வார்த்தை, மாமனார், ஈரல், காப்பி எல்லாவற்றையும்விட ஆழமாக இறங்கியது. வண்டிக்கு அடியிலிருந்து சொட்டுச் சத்தம் கேட்டது. முதலில் பச்சை வந்தது. பிறகு பச்சை நின்று, தேன் நிறத்தில் கெட்டியாக, கயிறு மாதிரி நூல் அறாமல் வேறொன்று வந்தது. வேலுத்தாய்தான் முதலில் குனிந்து பார்த்தாள்.

"இது என்னங்க, புதுசா?"

அவன் தொட்டுப் பார்த்தான். சுடச்சுட இருந்தது. "ஆயிலு," என்றான். "தம்பி வண்டி இன்ஜின் ஆயிலு." கூலன்ட் போனால் வண்டி கொதிக்கும், நிறுத்தி ஆறவிட்டால் பிழைத்துக்கொள்ளும். ஆயில் போனால் இன்ஜின் இறுகிச் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும், அதுவும் மலைப்பாதையில், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். தினகரபாண்டிக்குப் போன் போட்டார்கள், எடுக்கவில்லை. லோகமணிக்குப் போட்டார்கள், அது கைப்பைக்குள் அடித்து அடித்து ஓய்ந்தது. ராவுத்தர் கடையில் ஒரு டப்பா ஆயிலும் ஒரு கேன் கூலன்ட்டும் வாங்கிக்கொண்டு, வேலுத்தாயைப் பின்னால் ஏற்றி, சுருளிவேல் மலைப்பாதையில் வண்டியை விரட்டினான். அவன் போகப்போக அவனுக்குப் பின்னால் ரோட்டில் தேன் நிறத்தில் ஒரு கோடு விழுந்துகொண்டே வந்தது.

"எதையும் நெனைக்காம ஓட்டுங்க," என்று கத்தினாள் வேலுத்தாய்.

"நெனைக்கக் கூடாதுன்னு நெனைச்சாலே அதுதான் வருது!"

அவள் திரும்பிக் கோட்டைப் பார்த்தாள். அந்தக் கோட்டின் மறுமுனையில் தன் தங்கை இருக்கிறாள் என்று அவளுக்குப் பட்டது. புருஷன் காதுப் பக்கம் குனிந்து ஆரம்பித்தாள்.

"சின்னவரு வாயத் தொறந்துக்கிட்டுத்தான் தூங்குவாராம். லோகு சொன்னா."

"ம்."

"பல்லி விழுந்தா அலறி அடிச்சுக்கிட்டுக் கட்டில்மேல ஏறி நின்னுக்குவாராம். இவதான் வெளக்கமாறு எடுத்துட்டு வரணுமாம்."

அவன் தோள் லேசாகக் குலுங்கியது. அவள் திரும்பிப் பார்த்தாள், கோடு மெலிந்திருந்தது.

"அவரு விக்கிற குழாய்ல பாதி ஓட்டையாம். தோட்டக்காரவுக திருப்பிக் கொண்டாந்து கடை வாசல்ல வீசிட்டுப் போறாகளாம். அதான் ஷட்டரப் பாதி எறக்கியே வச்சிருக்காரு."

சுருளிவேல் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். கோடு புள்ளிகளாகி, புள்ளிகள் தூரம் தூரமாகி, ஒரு வளைவு தாண்டியதும் ரோடு சுத்தமாக இருந்தது. வேலுத்தாய்க்கு அப்படி ஒரு நிம்மதி. அந்த நிம்மதியில் வாய் தன் போக்கில் போனது.

"என்ன இருந்தாலும் ஒண்ணு சொல்லணும். ஒரு எடத்துக்குப் போவோம்னு லோகு கேட்டா, கூட்டிட்டுப் போயிருவாரு."

பின்னால் ரோட்டில் தொப்பென்று ஒரு சொட்டு விழுந்தது.

"நீ கேட்டா நான் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டனா?" என்றான் அவன்.

"கேட்டேனே."

"எப்ப?"

"கல்யாணம் முடிஞ்ச வருசம். இதே ரோட்டுலதான் போகணும்னு கேட்டேன். ஏலக்கா ரேட்டு ஏறட்டும், போவோம்னீங்க."

"ரேட்டு ஏறுச்சே. அதுக்குப் பெறகு?"

"பெறகு கேக்கல."

கோடு திரும்பவும் விழ ஆரம்பித்தது, அதைத் தடுக்க இரண்டு பேரிடமும் எதுவும் மிச்சமில்லை.

நடுமலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் அவர்களைக் கண்டார்கள். புதுவண்டி ஓரமாகச் சாய்ந்து கிடந்தது. தினகரபாண்டி தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தான், அவனுக்கு ஒன்றும் இல்லை. லோகமணியின் ஜெர்கின் முழங்கையில் கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. நடந்ததை அவள்தான் சொன்னாள்; சொன்னாள் என்பதைவிடக் கத்தினாள்.

"ரெண்டு வளைவுக்கு முன்னாடியே செவப்பு லைட்டு எரிஞ்சிருச்சுக்கா. நிறுத்துங்க நிறுத்துங்கன்னு முதுகுல குத்துறேன். 'பாத்தியா, உங்கக்கா வீட்டுக்காரரு ஆயிலயும் இழுக்க ஆரம்பிச்சுட்டாரு'ன்னு சிரிச்சுக்கிட்டே ஓட்டுறாருக்கா இந்த மனுசன்! சக்கரம் லாக்காகி வண்டியோட சாஞ்சோம். எறக்கத்துல இப்படி ஆயிருந்தா?"

தினகரபாண்டி எழுந்து வந்தான். வந்தவன் முதலில் குனிந்து சுருளிவேலின் வண்டிக்கு அடியில் பார்த்தான். "என்ன சகல, மொத்தத்தையும் எடுத்துட்டீங்களே" என்றான். திட்டுகிற மாதிரித்தான் சொன்னான், ஆனால் திட்டுகிற முகமாக அது இல்லை.

"தம்பி, தப்பு என்னோடதுதான்," என்று சுருளிவேல் டப்பாவைத் திறக்கப் போனான். "ஊத்திப் பாப்போம்—"

"இனி ஊத்தி என்ன?" என்று லோகமணி நடுவில் வந்து நின்றாள். "ஒருத்தரு வயிறு எரிய எரிய ஒருத்தரு குளுந்து போறாரு. நடுவுல செத்திருந்தா நான்ல செத்திருப்பேன்?"

வேலுத்தாய் தன் முந்தானையைக் கிழித்துத் தங்கையின் முழங்கையில் சுற்றிக் கட்டினாள். கட்டி முடிக்கும்போது கீழேயிருந்து மூணாறு பஸ் முக்கிக்கொண்டு ஏறி வந்தது. அவள் யாரையும் கேட்காமல் ரோட்டின் நடுவில் போய் நின்று கையைக் காட்டினாள். பஸ் நின்றது. "வா லோகு" என்று தங்கையை ஏற்றி, தானும் ஏறினாள்.

"ஏய், எங்க போற?" என்றான் சுருளிவேல்.

"மேல," என்றாள் அவள். பஸ் கிளம்பிவிட்டது.

பஸ் வளைந்து திரும்பி, அவர்கள் நின்ற இடத்துக்கு நேர்மேலே இருந்த ரோட்டில் ஏறியபோது ஜன்னல் வழியாக அவன் இருவரையும் பார்த்தான். லோகமணி அக்காவின் தோளில் சாய்ந்திருந்தாள். வேலுத்தாய் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். வேலுத்தாய் தலையைப் பின்னால் போட்டு, வாயைக்கூடப் பொத்தாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் தன் வீட்டில் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்கிறது வேறு யாரோ. மாமனார்மேல் வராத, அந்தப் பளபளப்பான வண்டிமேல் வராத ஒரு காந்தல் அவன் நெஞ்சிலிருந்து காதுவரை ஏறியது, கண்ணில் தண்ணீர் வந்தது, தன் வண்டியைப் பிடித்துக்கொண்டான்.

வண்டியிலிருந்து தண்ணீர் கொட்டியது. பச்சையும் இல்லை, தேன் நிறமும் இல்லை. துருப்பிடித்த செம்மண் நிறத்தில், கொதிக்கக் கொதிக்க, குழாயைத் திறந்துவிட்ட மாதிரிக் கொட்டியது. மேலே பஸ் ஒரு தரம் இருமி, முன்பக்கம் முழுக்க ஆவி மறைக்க நின்றுபோனது. கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்து, "கீழ யாருய்யா அது?" என்று கூவினார். அந்தப் பாதையில் ஓடுகிற கண்டக்டர், அவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

சுருளிவேல் கூலன்ட் கேனைத் தூக்கினான். வண்டிச் சாவியைத் தினகரபாண்டியின் கையில் வைத்து, "என் வண்டியில எறங்கிப் போங்க, தம்பி" என்றான். தினகரபாண்டி சாவியைப் பார்த்தான், கொட்டுகிற தண்ணீரின் நிறத்தைப் பார்த்தான், அவனுக்கு விளங்கியது. "அப்ப என் வண்டிமேல ஒண்ணுமில்லயா?" என்றான்.

"இல்ல," என்றான் சுருளிவேல். அது உண்மையாக இருந்தது.

அன்று மத்தியானம் தினகரபாண்டி அந்தப் பழைய வண்டியை உருட்டுகிற வேகத்தில் ஓட்டிக்கொண்டு ஊருக்குள் இறங்கியதை நாங்கள் பார்த்தோம். புதுவண்டி பிறகு ஒரு ஜீப்பில் வந்தது. ராவுத்தர் இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்துவிட்டார், ஆனால் அதிலிருந்து அப்புறம் ஒரு சொட்டும் குறையவில்லை, தினகரபாண்டி பங்குனிக்குள் அதை விற்றுவிட்டான். விற்கும்போது ஆள் இளைத்திருந்தான்.

மேலே, சுருளிவேல் குறுக்குப்பாதையில் மூச்சிரைக்க ஏறி பஸ்ஸுக்கு வந்தபோது டிரைவர் பாறையில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். "பொறுங்க, ஆறட்டும்," என்றார். "சூட்டோட மூடியத் தொறந்தா மூஞ்சி வெந்துரும்." அவன் கேனோடு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். வேலுத்தாய் குனிந்து பார்த்தாள்.

"இப்ப எதுக்கு? பஸ்ஸு மேலயுமா?"

"பஸ்ஸு மேல இல்ல."

"பெறகு?"

அவன் லோகமணி உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தான். வேலுத்தாய் அவனை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடவில்லை.

ரேடியேட்டர் ஆறியதும் கேனைக் காலி செய்து, போதாததற்குப் பாறையில் ஒழுகிய ஊற்றிலிருந்தும் பிடித்து ஊற்றினான். டிரைவர் ஏறி ஸ்டார்ட் செய்தார். கண்டக்டர் சுருளிவேலின் தோளைப் பிடித்துப் படியில் தள்ளினார். "நீங்களும் ஏறுங்க. ஒங்கள இங்க விட்டுட்டுப் போனா அடுத்த வளைவுலயும் நிக்க வேண்டியதுதான்."

உட்கார இடமில்லை. லோகமணியைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார் கண்டக்டர். "முடியாது, கை வலிக்குது" என்று அவள் அசையவில்லை. வேலுத்தாய் எழுந்து தங்கையை ஜன்னல் பக்கம் விட்டு, அவனுக்குப் பக்கத்தில் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். அவன் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வயிறு இன்னும் காந்திக்கொண்டுதான் இருந்தது, ஆனால் பஸ் சீராக ஏறியது. முதல் வளைவில் அவன் உடம்பு சாய்ந்து அவள் தோளில் இடித்தது, அவள் உள்ளே நகர்ந்துகொண்டாள். அடுத்த வளைவிலும் இடித்தது. காற்று குளிர ஆரம்பித்திருந்தது. அதற்கடுத்த வளைவில் அவள் நகரவில்லை.